நங்கூரம் போடக் காசா என்று கேட்ட மாணவனுக்கு



நீளமான பதிவு. அவசர வேலை இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து படிக்கலாம். "சார் வகுப்பில் மணி அடித்த பிறகும் விடமாட்டார்" என்று நீங்கள் பேசிக்கொண்டது எனக்கு அப்போதே தெரியும்.

போன வாரம் நம் 94-ஆம் வருஷ பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சண்டை. ஃபுளோரிடாவில் இருக்கும் நம் மாணவர் ஒருவர் (பெயர் வேண்டாம், குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியும்) சொந்தமாக 38 அடியில் ஒரு படகு வைத்திருக்கிறார். மீன் பிடிக்கிற படகு இல்லை, உல்லாசப் படகு. லீவு கிடைத்தால் குடும்பத்தோடு பஹாமாஸ் தீவுகளுக்குப் போய்விடுவார். மயாமியிலிருந்து பிமினி தீவு 50 மைல் சொச்சம்தான். காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். 2025 ஜூலை 1 முதல் அந்த நாட்டு அரசாங்கம் வெளியிலிருந்து வரும் படகுகளுக்கான கட்டணத்தை ஏற்றிவிட்டது. முன்பெல்லாம் 35 அடிக்கு மேற்பட்ட படகுக்கு 300 டாலர் கட்டினால் போதும், மீன்பிடி அனுமதியும் அதிலேயே சேர்ந்து வரும். இப்போது அனுமதிக் கட்டணம் தனி, நங்கூரம் போட்டு நிற்கத் தனி, மீன் பிடிக்கத் தனி. எல்லாம் கூட்டினால் அவருடைய படகுக்கு ஆயிரம் டாலரைத் தாண்டிவிடுகிறதாம்.

கோபம் வருவது இயற்கை. அதற்காக நான் இதை எழுதவில்லை. அவர் குழுவில் எழுதிய ஒரு வார்த்தைக்காக எழுதுகிறேன். "பிச்சைக்காரத் தீவுகள், படகுக்காரன் வந்தால்தான் இவர்களுக்குச் சோறு, அந்தப் படகுக்காரனிடமே கொள்ளை" என்று போட்டிருந்தார். அதற்குப் பதினேழு பேர் கைதட்டும் பொம்மை போட்டிருந்தார்கள். நான் "தம்பி, அந்த வார்த்தையை எடுத்துவிடு" என்று மட்டும் எழுதினேன். அவர் "உங்களுக்குப் படகைப் பற்றி என்ன சார் தெரியும்" என்று கேட்டுவிட்டுக் குழுவை விட்டே வெளியேறிவிட்டார்.

நியாயமான கேள்வி. படகைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. 2024-இல் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அவர் படகில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கரையோரக் கால்வாயில்தான், அதிலேயே எனக்கு வயிற்றைப் புரட்டியது. ஆனால் முப்பத்து மூன்று வருஷம் புவியியல் நடத்தியவன் நான். அதில் இருபத்தாறு வருஷம் தூத்துக்குடிக் கடற்கரை ஓரத்தில். நுழைவுக் கட்டணம் பற்றியும் எனக்குக் கொஞ்சம் தெரியும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்த நாடு. 700 தீவு, அதில் ஆள் குடியிருப்பது முப்பது சொச்சம். மொத்த ஜனத்தொகை சுமார் 4 லட்சம், நம் தூத்துக்குடி மாவட்டத்தில் கால்வாசிகூட வராது. 1973-இல்தான் இங்கிலாந்துக்காரனிடமிருந்து விடுதலை. அங்கே தனிநபர் வருமான வரி கிடையாது. அரசாங்கத்துக்குப் பணம் வருவது முக்கியமாகச் சுங்கத்திலும், 10 சதவீத மதிப்புக் கூட்டு வரியிலும், சுற்றுலாவிலும். அதாவது ஒருவன் அந்த நாட்டுக் கடையில் ஏதாவது வாங்கினால்தான், விடுதியில் தங்கினால்தான் அந்த நாட்டுக்குக் காசு.

இப்போது நம் தம்பியின் கதைக்கு வருவோம். அவரே பெருமையாகப் போட்ட படங்கள் என் போனில் இருக்கின்றன. படகின் ஐஸ் பெட்டியில் இட்லி மாவு, கோழி, காய்கறி, தண்ணீர் பாட்டில், பியர், எல்லாம் ஃபுளோரிடாவிலேயே ஏற்றியது. டீசலும் அங்கேயே நிரப்பியது. போய் ஒரு தீவின் மறைவில் நங்கூரம் போட்டு ஆறு நாள் படகிலேயே படுக்கை. ஆறு நாளும் சமையல் படகிலேயே. குற்றம் சொல்லவில்லை, நானாக இருந்தாலும் சிக்கனமாகத்தான் இருப்பேன். ஆனால் விடுதியில் தங்கியவன் ஒவ்வொரு ராத்திரிக்கும் வரி கட்டுகிறான். பெரிய பயணக் கப்பலில் வருகிறவனுக்குத் தலைக்கு இவ்வளவு என்று வரி உண்டு. நங்கூரம் போட்டுத் தூங்குகிறவன் அந்த ஒரு அனுமதிச் சீட்டோடு சரி. "படகுக்காரன் வந்தால்தான் சோறு" என்கிறாயே தம்பி, நீ சோற்றையும் கையோடு கொண்டுபோகிறாய்!

சரி, கடலுக்கு என்ன செலவு, உப்புத் தண்ணீர்தானே, அதில் நிற்பதற்கு எதற்குக் காசு என்று இன்னொரு மாணவி கேட்டிருந்தார். நல்ல கேள்வி. வகுப்பில் கேட்டிருந்தால் எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டியிருப்பேன்.

அந்தத் தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை உலகம் சரியாகத் தெரிந்துகொண்டதே 2022-இல்தான். புலிச்சுறாக்களின் முதுகில் கேமரா கட்டிவிட்டு, அவை போன இடமெல்லாம் படம் எடுத்தார்கள். பஹாமாஸின் ஆழமில்லாத கடல் திட்டுகளில் 66,000 முதல் 92,000 சதுர கிலோமீட்டர் வரை கடற்புல் வெளி இருக்கலாம் என்று கணக்கு வந்தது. குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டால்கூட நம் தமிழ்நாட்டின் பரப்பில் பாதி. உலகத்திலேயே பெரிய புல்வெளி, தண்ணீருக்கு அடியில்! நம்ம பாக் விரிகுடாப் பக்கத்து ஆட்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டாம். தாழை என்பார்களே, அதுதான். அந்தப் புல்லை நம்பித்தான் ஆவுளியா என்கிற கடல்பசு பிழைக்கிறது. 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக நம் அரசு அறிவித்ததும் அதற்காகத்தான். நங்கூரம் அந்தப் புல்லைக் கிழித்துக்கொண்டுதான் மண்ணைப் பிடிக்கும். காற்று மாறி படகு திரும்பினால் சங்கிலி தரையைச் சுற்றிலும் சுரண்டும். ஒரு படகு போட்டால் ஒன்றும் ஆகாது. வருஷம் முழுக்க ஆயிரக்கணக்கில் போட்டால் ஆகும். விசைப்படகு மடி தரையை வழிப்பதைப் பற்றிக் கரையில் எத்தனை சண்டை பார்த்திருக்கிறோம்!

அடுத்து சங்கு. தூத்துக்குடிப் பிள்ளைகளுக்குச் சங்கு என்றால் என்ன என்று நான் பாடம் எடுக்கத் தேவையில்லை, பல பேர் அப்பா, தாத்தா குளித்து எடுத்த சங்கில்தான் நீங்கள் படித்தீர்கள். பஹாமாஸிலும் பெரிய சங்கு ஒன்று உண்டு, ராணிச் சங்கு. அவர்கள் சாப்பாடே அதுதான், நமக்கு நெத்திலி மாதிரி. அது குறைந்துகொண்டே வந்து, 2024-இல் அமெரிக்க அரசே அதை அச்சுறுத்தலில் உள்ள உயிரினப் பட்டியலில் சேர்த்துவிட்டது. அந்தக் கடலில் விடுமுறைக்குப் போய்ச் சங்கும் மீனும் எடுக்கிறவனிடம் தனியாக அனுமதிக் காசு வாங்குவது எந்த வகையில் கொள்ளை? உன் தாத்தா குளித்த பாரில் வெளியூர்க்காரன் ஒருவன் பொழுதுபோக்குக்கு வந்து சங்கு எடுத்தால், உன் தாத்தா கையில் காப்பியா கொடுத்திருப்பார்?

இப்போது நியாயம், அநியாயம் என்ற பேச்சுக்கு வருகிறேன். குழுவில் எல்லோரும் பிடித்துத் தொங்கிய வாதம் இதுதான்: "உள்ளூர்க்காரனுக்கு ஒரு விலை, வெளியூர்க்காரனுக்கு ஒரு விலை என்பது பாகுபாடு."

அப்படியா? இரண்டு வருஷத்துக்கு முன்னால் தைப்பொங்கலுக்கு இதே தம்பி குடும்பத்தோடு வந்தபோது நாங்கள் எல்லோரும் மாமல்லபுரம் போனோம். ஞாபகம் இருக்கிறதா? நமக்கு முன்னால் வரிசையில் வயதான வெள்ளைக்காரத் தம்பதி நின்றார்கள். ஆளுக்கு 600 ரூபாய். நமக்கு ஆளுக்கு 40. நீ அமெரிக்கக் குடிமகன், உன் பாஸ்போர்ட் நீலம். ஆனால் ஓ.சி.ஐ. அட்டையை எடுத்துக் காட்டினாய். 2021 அறிவிப்பின்படி அந்த அட்டைக்காரர்களுக்கும் நினைவுச் சின்னங்களில் இந்தியர் கட்டணம்தான். நீ 40 ரூபாய் கட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாய். நானும் சிரித்தேன். பதினைந்து மடங்கு பாகுபாடு அன்றைக்கு நம் இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை. அந்தத் தம்பதி "பிச்சைக்கார நாடு" என்று முணுமுணுத்திருந்தால் நீ சட்டையைப் பிடித்திருப்பாய், உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதா.

உன் அமெரிக்காவே என்ன செய்கிறது? இந்த 2026 ஜனவரி 1 முதல் பதினொரு தேசியப் பூங்காக்களில் வெளிநாட்டுக்காரனிடம் தலைக்கு 100 டாலர் கூடுதல். அதில் உன் வீட்டிலிருந்து காரில் போகிற தூரத்தில் இருக்கும் எவர்கிளேட்ஸும் ஒன்று. வருஷச் சீட்டு அமெரிக்காவில் வசிப்பவனுக்கு 80, மற்றவனுக்கு 250. இனி என் தங்கை வந்து அந்தச் சதுப்பு நிலத்தில் முதலை பார்க்க வேண்டுமென்றால் எட்டாயிரம் ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கட்டிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் விசா விண்ணப்பத்துக்கு 185 டாலர், விசா கிடைக்காவிட்டாலும் திரும்பி வராத 185 டாலர். இதையெல்லாம் நீ கொள்ளை என்று குழுவில் எழுதிப் பார்த்ததில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கொடி கட்டிய படகு பிமினிக்குப் போனால் விசா கேட்பதில்லை. பிமினியில் இருக்கும் மீனவன் தன் சொந்தப் படகில் அதே 50 மைலைத் தாண்டி ஃபுளோரிடாவில் இறங்க நினைத்தால்? நஸ்ஸாவிலோ ஃப்ரீபோர்ட்டிலோ விமான நிலையத்தில் அமெரிக்க அதிகாரிகளின் முன்சோதனையைத் தாண்டி விமானத்தில் போனால் விசா இல்லாமல் முடியும். படகில் என்றால் கையில் விசா இருக்க வேண்டும். ஒரே கடல். ஒரு பக்கத்திலிருந்து போகிறவனுக்குக் கட்டணம் கொஞ்சம் கூடியதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம். இன்னொரு பக்கத்திலிருந்து வருகிறவனுக்குக் கதவே வேறு.

எக்வடோரில் காலாபாகஸ் தீவுகளுக்கு வெளிநாட்டுக்காரருக்கான கட்டணத்தை 2024 ஆகஸ்டில் 100 டாலரிலிருந்து 200 ஆக்கினார்கள். பூட்டானில் ஒரு ராத்திரிக்கு 100 டாலர், நமக்கு மட்டும் 1,200 ரூபாய். அங்கே போய்வந்த நம் உறவினர்கள் எல்லோரும் "எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்கள்" என்றுதான் சொன்னார்கள். சுத்தம் சும்மா வருவதில்லை.

ஆனால் தம்பி பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. இரண்டு இடத்தில் அவர் பேச்சில் சத்து இருக்கிறது, அதை மறைத்தால் நான் வாத்தியார் இல்லை.

ஒன்று, அறிவித்த விதம். அவர்கள் நிதியாண்டு ஜூலையில் தொடங்குகிறது. மே மாதக் கடைசியில் பட்ஜெட்டில் சொல்லி ஜூலை 1-இல் வசூலித்தால் ஏற்கெனவே லீவு போட்டு, திட்டம் போட்டவன் என்ன செய்வான்? பள்ளிக்கூடத்தில் ஃபீஸ் ஏற்றினால்கூட போன வருஷமே சுற்றறிக்கை அனுப்புவோம். இதில் நான் அவர்கள் பக்கம் இல்லை.

இரண்டு, எல்லா உல்லாசப் படகுக்காரனும் பணக்காரன் இல்லை. தம்பியே ஒருமுறை காட்டினார், அவர் படகுக்கு இரண்டு படகு தள்ளி ஒரு பழைய பாய்மரப் படகு. அதில் ஓய்வுபெற்ற கணவனும் மனைவியும் குடியிருக்கிறார்கள், வீடே அதுதான். குளிர்காலத்தில் மெதுவாகத் தீவுகள் பக்கம் போய் நான்கு மாதம் இருப்பார்கள். ஓய்வூதியத்தில் ஓடுகிற குடித்தனம். நானும் ஓய்வூதியக்காரன், அந்த வலி எனக்குப் புரியும். படகின் நீளத்தை அளந்து படிநிலையாக வாங்குவது சுலபம்தான். ஆனால் 40 அடியில் நாற்பது வருஷம் பழைய பாய்மரமும் உண்டு, மூன்று என்ஜின் பூட்டிய புத்தம் புதுப் படகும் உண்டு. இரண்டுக்கும் ஒரே காசு என்றால் அளவுகோல் சரியில்லை. தங்கும் நாளை வைத்து வாங்கலாம், என்ஜின் சக்தியை வைத்து வாங்கலாம். அதைக் கேளுங்கள், உரக்கக் கேளுங்கள். வசூலித்த காசில் எவ்வளவு நஸ்ஸாவிலேயே தங்கிவிடுகிறது, எவ்வளவு அந்தந்தத் தீவின் குப்பைக்கும் படகுத்துறைக்கும் போகிறது என்றும் கேளுங்கள். படகுக்காரர்களுக்கு இதைக் கேட்கும் உரிமை உண்டு, கொடுக்கிறவர்கள் அவர்கள்தானே.

2019 செப்டம்பரில் டோரியன் புயல் அபாகோ தீவையும் கிராண்ட் பஹாமாவையும் புரட்டிப் போட்டபோது ஃபுளோரிடாவிலிருந்து இதே படகுக்காரர்கள்தான் தண்ணீரும் மருந்தும் ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். நம் தம்பியும் போனார். அப்போது அவர் அனுப்பிய குரல் பதிவை நான் இன்னும் அழிக்கவில்லை. "சார், ஊரே இல்லை சார், சுனாமி அன்னைக்குப் பார்த்த மாதிரி இருக்கு" என்று அழுதான் (அழுதார் என்று எழுத வேண்டும், வரவில்லை). அந்தப் புயலின் நஷ்டம் 340 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள். அந்த நாட்டின் ஒரு வருஷ மொத்த உற்பத்தியில் கால் பங்கு. நான்கு லட்சம் பேர் அந்தக் கடனைத் தூக்க வேண்டும், அடுத்த புயலுக்கும் தயாராக வேண்டும். அன்றைக்கு ஊரே இல்லை என்று அழுத அதே வாயால் பிச்சைக்காரத் தீவு என்று எப்படிடா சொன்னாய்? எனக்கு அதுதான் புரியவில்லை. ஆயிரம் டாலரா அந்த வார்த்தையைப் பேச வைத்தது? உன் படகைத் துறையில் நிறுத்தி வைக்கவே மாதம் ஆயிரத்துக்கு மேல் கட்டுகிறேன் என்று நீதான் சொன்னாய். அதைக் கொடுக்கும்போது முகம் சுளிக்கவில்லை. அங்கே கேட்கிறவன் ஃபுளோரிடாக்காரன், அதனாலா?

கட்டணம் ஏறினால் படகுகள் வராது, தீவில் ரொட்டி சுட்டு விற்கும் அம்மாவுக்குத்தான் நஷ்டம் என்றும் எழுதியிருந்தாய். அது உண்மையாகவே நடக்கலாம். நடந்தால் அவர்கள் குறைப்பார்கள், அவர்கள் ஊர், அவர்கள் ஓட்டு. ஆனால் ரொட்டிக்கார அம்மா மேல் அக்கறை உள்ளவன் மாவை ஃபுளோரிடாவில் வாங்கிக்கொண்டு போகமாட்டான்.

நுழைவுக் கட்டணம் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும் என்றேன் இல்லையா. அதைச் சொல்லிவிடுகிறேன். 94 பேட்ச் பாதிப் பேர் அந்தப் பஸ்ஸில் இருந்தீர்கள்.

சுற்றுலாவுக்கு மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் ஓர் அருவிக்குப் போனோம். ஊர் பெயர் வேண்டாம். ஊர் எல்லையில் ஒரு பையன், பதினாறு பதினேழு வயது இருக்கும், கையில் ரசீதுப் புத்தகத்தோடு பஸ்ஸை மறித்தான். ஊராட்சி நுழைவுக் கட்டணம், பஸ்ஸுக்கு இருபது ரூபாயோ முப்பது ரூபாயோ. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அருவி என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா? எந்தச் சட்டத்தில் இருக்கு? அரசாணை எண் சொல்லு" என்று ஆங்கிலம் கலந்து ஒரு பிரசங்கம் பண்ணினேன். பஸ்ஸுக்குள் நீங்கள் எல்லோரும் விசில். பையன் பதில் சொல்லத் தெரியாமல் கயிற்றை இறக்கிவிட்டான். காசு கட்டாமல் உள்ளே போனோம். அன்றைக்கு உங்கள் கண்ணில் நான் எம்ஜிஆர்.

குளித்தோம், சாப்பிட்டோம். நூற்றுப் பத்துப் பேர், புளியோதரைப் பொட்டலம், எண்ணெய்த்தாள், வாழை இலை, ஷாம்பு உறை. ஊர் திரும்பும்போது பத்து கிலோமீட்டர் வந்த பிறகுதான் ஒரு மாணவியின் கண்ணாடியை அங்கேயே விட்டுவிட்டோம் என்று தெரிந்தது. பஸ்ஸை நிறுத்தி, நான் மட்டும் எதிரே வந்த வேனில் ஏறித் திரும்பிப் போனேன். இருட்டத் தொடங்கியிருந்தது. அருவிப் பாறையில் அந்தப் பையனும் ஒரு வயதான அம்மாவும் கோணிப்பையோடு குனிந்து குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நம் பொட்டலங்களைத்தான். ரசீதுப் புத்தகம் அவன் பின்பக்கப் பையில் செருகியிருந்தது. என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியை எடுத்து, சட்டையில் துடைத்து, "இதுதானே சார்" என்று நீட்டினான்.

என் சட்டைப்பையில் காசு இருந்தது. எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் காலையில் நான் பேசியது தப்பு என்று ஆகிவிடும் என்று, வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பஸ்ஸில் ஏறியதும் நீங்கள் மறுபடி கைதட்டினீர்கள், அதையும் வாங்கிக்கொண்டேன். அன்றைக்கு முன் சீட்டில் எழுந்து நின்று விசில் அடித்தவன் நம் ஃபுளோரிடாத் தம்பிதான். "உங்களுக்குப் படகைப் பற்றி என்ன தெரியும்" என்று அவன் கேட்டபோது, அந்த அரசாணை எண் கேட்ட குரலை அப்படியே கேட்டது மாதிரி இருந்தது எனக்கு. யார் சொல்லிக் கொடுத்த குரல் அது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

தம்பி, குழுவுக்கு நீ திரும்பி வரவேண்டும். நிர்வாகியிடம் சொல்லிவைத்திருக்கிறேன், இணைப்பு அனுப்புவார். கட்டணம் அதிகம் என்று நீ எவ்வளவு வேண்டுமானாலும் எழுது, உன் படகு சங்கத்தின் மூலம் அந்த அரசாங்கத்துக்கும் எழுது. அந்தப் பாய்மரக் கிழவன் கிழவிக்காகவும் சேர்த்து எழுது, நான் வேண்டுமானால் பிழை திருத்தித் தருகிறேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் அழித்துவிடு.

மற்றவர்கள் கமெண்டில் திட்டலாம். உறவினர்கள் தயவுசெய்து "குட் மார்னிங்" படம் போட வேண்டாம். கண்ணாடியைத் தொலைத்த மாணவி இதைப் படித்தால், பவர் மாறியிருக்கும், ஆனாலும் அந்தக் கண்ணாடி இன்னும் இருக்கிறதா என்று சொல்லம்மா.